சுவருக்கு மேலே போன கயிறு

தண்ணீர்க் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கும்போதுதான் அபிராமி கயிற்றைக் கவனித்தாள். சமைத்துக்கொண்டே பிள்ளையை ஆட்டுவதற்காகத் தூளியில் அவள் கட்டிவைத்த கயிறு அது. அதன் நுனி எப்போதும் அடுப்புத் திட்டுக்குக் கீழேதான் கிடக்கும். இப்போது அது தூளியிலிருந்து மேலே ஏறி, நடுச்சுவரின் தலையைத் தாண்டி, அடுத்த வீட்டுக்குள் இறங்கியிருந்தது. அடுத்த வீடு பூட்டிக் கிடக்கிறது. அங்கே ஆள் இருந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது.

தூளி ஆடிக்கொண்டிருந்தது. கரண்ட் போய் வெகு நேரமானதால் காற்றாடி நின்றிருந்தது. கதவை அவள் சாத்திவிட்டுத்தான் போயிருந்தாள். வெயிலில் காய்ந்த ஓடுகளுக்குக் கீழே காற்று அசையாமல் கனத்துக் கிடந்தது. பையன் அப்பு வாயைத் திறந்தபடி தூங்கினான். அவள் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். அது உடனே வரவில்லை. ஒரு கணம் இறுகி நின்று, யாரோ விரலிலிருந்து கழற்றி விட்டதுபோலத் தளர்ந்து, அவள் காலடியில் வந்து விழுந்தது. எலிதான் இழுத்திருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். அத்தனை பெரிய கயிற்றைச் சுவர் ஏற்றிக் கொண்டுபோகிற எலி திருப்பூரில் இருந்தால் அதையும் ஏதாவது பனியன் கம்பெனிக்காரன் வேலைக்குப் பிடித்துப் போட்டிருப்பான். அவளுக்கே அது தெரியும்.

வேலம்பாளையத்தில் அந்த மாதிரி லைன் வீடுகள் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு இருந்தன. காடு வைத்திருந்த கவுண்டர்கள் சோளம் விதைப்பதை விட்டுவிட்டு, பனியன் வேலைக்கு வந்த தெற்கத்திக்காரர்களுக்காக வரிசையாக ஒற்றை அறைகள் கட்டி வாடகைக்கு விட்டார்கள். மேலே நீளமாக ஒரே ஓட்டுக் கூரை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் மட்டும் கூரை வரை போகாது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே போய் நின்றுவிடும். கட்டியவர்கள் செங்கல்லை மிச்சம் பிடித்தார்களா, காற்றோட்டத்துக்காக விட்டார்களா என்பது யாருக்கும் தெரியாது. எப்படியோ, வரிசை முழுவதற்கும் ஒரே காற்று. ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் மற்ற வீடுகளில் குழம்பு வைக்க வேண்டியதில்லை. புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுவதென்றால்கூடக் குசுகுசுவென்றுதான் போட வேண்டும். இப்போது ஒவ்வொன்றாக இடித்து கான்கிரீட் போடுகிறார்கள். இந்த லைனையும் இடிக்கப் போவதாக வீட்டுக்கார அம்மாள் நஞ்சம்மாளின் மகன் சதீஷ்குமார் சொல்லிக்கொண்டே இருந்தான். அதனால்தான் காலியான வீட்டுக்கு யாரையும் குடிவைக்கவில்லை.

அந்தக் குட்டையான சுவரை வைத்து லைன் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஊரில் என்றால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். இங்கே யார் இருக்கிறார்கள்? ஆகவே, ஷிப்டுக்குப் போகிறவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துத் தூளியில் போட்டு, தூளிக் கயிற்றைச் சுவருக்கு மேலாக அடுத்த வீட்டில் வீசிவிட்டுப் போவாள். அங்கே பிசிறு வெட்டிக்கொண்டிருப்பவள், அதாவது தைத்து வந்த பனியன்களில் தொங்கும் நூலைக் கத்தரித்துக்கொண்டிருப்பவள், கயிற்று நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வாள். கை கத்தரிக்கும், கால் ஆட்டும். பிள்ளை அழுதால் எழுந்து வந்து பார்ப்பாள். அழாவிட்டால் எழுந்திருக்க வேண்டியதில்லை.

அபிராமிக்கு அப்படி வாய்த்தவள் பியூலா. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து ஜெபக்குமாருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சின்னப் பெண். இன்னும் பிள்ளை இல்லை. அபிராமியின் மூத்த மகள், கைக்குழந்தை ஜோதிகாவை முதலில் கேட்டு வாங்கியவளே அவள்தான். “யக்கா, நீங்க கயித்த இங்கிட்டுப் போட்டுட்டுப் போங்க, நான் ஆட்டிக்கிடுதேன்” என்று சுவருக்கு மேலே கையை நீட்டினாள். கயிறு தினமும் ஒரே இடத்தில் அரைத்து அரைத்து, சுவரின் தலையில் விரல் பதிகிற அளவுக்குப் பள்ளம் விழுந்துவிட்டது.

ஒருநாள் சாயங்காலம் அபிராமி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை முடிந்து வந்தபோது தூளி ஆடிக்கொண்டிருந்தது. “இன்னைக்குச் சத்தமே இல்லக்கா. காலம்பறப் போட்டது, இன்னும் முழிக்கல” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பெருமையாகச் சொன்னாள் பியூலா. அபிராமி தூளியை விரித்தாள். பிள்ளை சில்லிட்டுப் போயிருந்தது. பால் புரையேறியிருக்கிறது, மதியத்துக்கு முன்பே போயிருக்கும் என்றார் டாக்டர். அப்படியானால் அந்த மதியம் முழுவதும் பியூலா ஆட்டியது எதை என்று லைனில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது.

அதன் பிறகு அபிராமி அவளோடு பேசவில்லை. திட்டவில்லை, சாபம் விடவில்லை. ஒரு வார்த்தைகூடக் கொடுக்கவில்லை. கதவைத் தட்டினால் திறக்கமாட்டாள். ஒவ்வொரு சாயங்காலமும் சுவருக்கு மேலே “யக்கா” என்று குரல் வரும். அபிராமி அரிசியைக் களைந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். பிறகு அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்கும். அது ஓயும்வரை கேட்டுக்கொண்டே இருப்பாள். அப்படிக் கேட்பதில் அவளுக்கு ஓர் ஆறுதல் இருந்தது என்பதுதான் உண்மை. பியூலா சாப்பாட்டை விட்டாள். கண் மஞ்சளானது. ஜெபக்குமார் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவளை அங்கேயே அடக்கம் செய்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்து, பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டு, சாவியை நஞ்சம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போனான். அபிராமி அப்போதும் வெளியே வரவில்லை.

இப்போது அப்பு பிறந்திருக்கிறான். இவனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது. அவளுக்கு இருந்த ஒரே பிரார்த்தனை அதுதான். வேலையை விட்டுவிட்டாள். தூங்கும்போதும் அவன் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பாள். தண்ணீர் வந்தால் மட்டும்தான் தெருக்குழாய் வரை போவாள். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் கயிறு இடம் மாறியது.

மறுபடியும் மாறியது. குளித்துவிட்டு வந்தபோது ஒருமுறை. துணி காயப்போட்டுவிட்டு வந்தபோது ஒருமுறை. நுனியை அடுப்புத் திட்டில் முடிந்து வைத்தாள். முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. கயிற்றின் நுனியில் வெள்ளை நூல் பிசிறு ஒட்டியிருந்தது. இந்த வீட்டில் பனியன் துணி வந்தே எவ்வளவோ நாளாகிவிட்டது.

கரண்ட் போகிற மதியங்கள்தான் மோசம். அந்த வருஷம் மின்வெட்டுக்கு நேரம் காலம் கிடையாது. கரண்ட் இருக்கும்வரை தெரு முழுக்கத் தையல் மெஷின்கள் கடகடத்து, மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காது. கரண்ட் நின்றதும் எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கும். எங்கோ ஒரு ஜெனரேட்டர் உறுமத் தொடங்குவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் எதுவுமே இருக்காது. அந்த வெறுமைக்குள்ளிருந்துதான் சின்னச் சின்ன சத்தங்கள் வெளியே வரும். ஓடு நெட்டி முறிப்பது. பல்லி. பிறகு, சுவருக்கு அந்தப் பக்கம், தரையோடு தரையாக, சின்னக் கத்தரி வாயைத் திறந்து மூடுவது. கிட். கிட். புதுப் பனியன் துணியின் பிளீச்சிங் வாடை சுவருக்கு மேலாக இறங்கி வரும். அபிராமி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தூளி மெதுவாகச் சுவர்ப்பக்கம் போகும், மெதுவாகத் திரும்பும். அப்பு தூக்கத்தில் சிரிப்பான்.

புருஷன் முனீஸ் ஷிப்டு முடிந்து வந்ததும் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். சுவரை ஏறிட்டுப் பார்த்தான்.

“வேற வீடு பாப்பமா?” என்றான்.

“வேணாம்.”

“ஏன் புள்ள?”

ஜோதிகா இருந்த வீடு இதுதான் என்று அவள் சொல்லவில்லை. அவனுக்கும் தெரியும். அவன் மறுபடியும் சோற்றைப் பிசைந்தான்.

“அப்ப அந்தச் சொவத்த மேல ஏத்தச் சொல்லு. ஓடு வரைக்கும் ஏத்திட்டா ஒண்ணுமில்ல” என்றான் முனீஸ்.

நஞ்சம்மாள் மனசு இளகியவள். அதட்டுகிற குரலில் இளகுவாள். சாவியோடு வந்து பூட்டைத் திறந்து காட்டினாள். “பாரு கண்ணு. ஆருமில்ல. ஊட்டுத் தூசு கூட அப்புடியேதான் கெடக்குது.” அவள் சொன்னது சரிதான். தரை முழுக்க ஓட்டுத் தூசி மாவு சலித்ததுபோல விழுந்து கிடந்தது, ஒரு காலடி கிடையாது. நடுச்சுவரை ஒட்டி மட்டும் ஒரு ஆள் காலை நீட்டி உட்காருகிற அகலத்துக்குத் தரை சுத்தமாக இருந்தது. நஞ்சம்மாள் அதைப் பார்த்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். “இடிக்கப்போற ஊடுதான். இருந்தாலும் கல்லு கெடக்குது, ஆறுச்சாமிகிட்டச் சொல்லி ஏத்திக் குடுக்கறேன். நீ கொழந்தையப் பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு, பூட்டை மாட்டி, ஒருமுறைக்கு இரண்டுமுறை இழுத்துப் பார்த்தாள்.

கொத்தனார் ஆறுச்சாமி மறுநாளே வந்து சாரம் கட்டினார். பழைய சுவரின் தலையில் இருந்த கயிற்றுப் பள்ளத்தைக் கலவை போட்டு மூடி, மேலே கல்லை அடுக்கிக்கொண்டே போனார். முதல் வரிசை ஏறும்போது அப்பு சிணுங்கினான். வரிசை ஏற ஏற அழுகை ஏறியது. கூரைச் சரிவுக்கும் விட்டத்துக்கும் இடையில் இருந்த சந்தில் துண்டுக் கல்லைத் திணித்து அவர் கலவையைப் பூசியபோது, வெளிச்சம் குறைந்து, அறை திடீரென்று சின்னதாகிவிட்டது.

“இனி எலி கூட வராதுங்க. ரெண்டு மூணு நாளைக்குத் தண்ணி மட்டும் அடிச்சு உடோணும்” என்றார் அவர், கையைக் கழுவிக்கொண்டே.

கயிறு அதன் பிறகு இடம் மாறவில்லை. கத்தரிச் சத்தம் இல்லை. பிளீச்சிங் வாடைக்குப் பதில் ஈரச் சிமெண்ட் வாடைதான் இருந்தது. அபிராமிக்கு நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. அன்று வெகு நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

ஆனால் அப்பு தூங்கவில்லை. தூளியில் போட்டால் அலறினான், மடியில் போட்டாலும் அலறினான். அவள் ஆட்டினால் முதுகை வளைத்து முறுக்கிக்கொண்டான். பால் குடிக்க மாட்டேன் என்றான். முகத்தைச் சுவர்ப்பக்கமே திருப்பி வைத்துக்கொண்டு, எதற்கோ காது கொடுப்பதுபோல நடுநடுவே அழுகையை நிறுத்துவான். ஒன்றும் கேட்காமல் மறுபடியும் தொடங்குவான். டாக்டரிடம் கொண்டுபோனார்கள். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, வயிறும் சரியாக இருக்கிறது என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். மறுநாள் அழுகைச் சத்தம் குறைந்துபோனது. அதுதான் அவளை நடுங்க வைத்தது. உதடு காய்ந்து, கண் உள்ளே போய், பூனைக்குட்டி மாதிரி ஈனக்குரலில் முனகினான். மறுபடியும் ஒரு பிள்ளை இந்தத் தூளியில், அவள் கண்ணெதிரே, கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் முனீஸ் ஷிப்டில் இருந்தான். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம், சீக்கிரம் வா என்று பக்கத்துக் கடையிலிருந்து கம்பெனிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். கரண்ட் போனது. தெரு அடங்கியது. ஓட்டின் கண்ணாடிச் சில்லு வழியாக விழுந்த வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. ஈரம் காயாத புதுச் சுவர் எதிரே கறுப்பாக நின்றது. அப்பு தலையைத் திருப்பி அதையே பார்த்தான்.

அப்போதுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. இத்தனை மாதமும் பிள்ளையை யார் தூங்க வைத்தது? அவன் யாரைப் பார்த்துத் தூக்கத்தில் சிரித்தான்? கயிறு போன நாட்களில் ஒருநாளாவது அவனுக்கு ஒரு கீறல் விழுந்ததா? இல்லை. அந்தச் சின்னப் பெண், பிள்ளையை ஆட்டிவிட்டுக் கயிற்றைத் தளர்த்திக் கொடுத்திருக்கிறாள். கேட்டதும் கொடுத்திருக்கிறாள். அவளுக்குத்தான் நான் ஒன்றுமே கொடுக்கவில்லை. ஒரு வார்த்தை. ஒரே ஒரு ‘என்ன’. அதைக்கூடக் கொடுக்காமல் அரிசி களைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேனே. அபிராமிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஜோதிகா போனபோதுகூட அவள் அப்படி அழவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தண்ணீர் டிரம்மை உருட்டிவந்து சுவரோரம் நிறுத்தி, மேலே ஏறினாள். விட்டத்தை ஒட்டி ஆறுச்சாமி திணித்திருந்த துண்டுக் கல்லைத் தோசைக் கரண்டியால் நெம்பினாள். இரண்டு நாளாக அவளே தண்ணீர் அடித்து வைத்த கலவை, உதிர்ந்து கையில் வந்தது. ஒரு கல். இன்னொரு கல். கை நுழைகிற ஓட்டை. அதற்குள்ளிருந்து சில்லென்று ஒரு காற்று அவள் முகத்தில் பட்டது. பிளீச்சிங் வாடை.

தூளிக் கயிற்றை எடுத்து ஓட்டைக்குள் விட்டாள். அது அந்தப் பக்கச் சுவரில் உரசிக்கொண்டே இறங்குவது கேட்டது. தரையைத் தொட்டது. நின்றது.

“பியூலா” என்றாள் அபிராமி.

ஓட்டைக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள்.

“கோவமில்லத்தா. நீ வேணும்னேவா செஞ்ச? பிள்ளைய ஆட்டு. தூங்க வையி.”

அந்தப் பக்கம் துணி சரசரத்தது. யாரோ காலை நீட்டி உட்காருகிற சத்தம். பிறகு கயிறு மெல்ல இறுகியது.

தூளி சுவர்ப்பக்கம் போனது. திரும்பியது. போனது. திரும்பியது. அப்புவின் முனகல் நின்றது. அபிராமி டிரம்மிலிருந்து இறங்கி, தூளியை விலக்கிப் பார்த்தாள். கண் சொருகிக்கொண்டிருந்தான். வாயோரம் சிரிப்பு. அவள் தரையில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டாள். அப்பா, என்று மூச்சு விட்டாள். கிட். கிட். கத்தரிச் சத்தம்கூட இப்போது பழகிய சத்தமாகத்தான் இருந்தது.

தூளி போனது.

திரும்பவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். தூளி சுவரில் சாய்ந்து நின்றது. கயிறு விறைத்திருந்தது. புடவையின் இரண்டு மடிப்பும் ஒன்றோடு ஒன்று ஒட்டி, வாய் மூடியிருந்தது.

“போதும்த்தா” என்றாள். “விடு.”

விடவில்லை. கயிறு இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. ஈரச் சிமெண்டை அறுத்துக்கொண்டு போனது. மண் பொலபொலவென்று உதிர்ந்தது. தூளி மேலே ஏறியது.

பாய்ந்து பிடித்தாள். இரண்டு கையாலும் இழுத்தாள். அந்தப் பக்கமும் இழுத்தது. பதறாமல். நிதானமாக. பிள்ளைமேல் ஆசையாக. மடிப்பைப் பிரிக்கப் பார்த்தாள். நகம் நுழையவில்லை. உள்ளே சத்தமில்லை. அழுகை இல்லை. முனகல் இல்லை.

“பியூலா, என் பிள்ளையக் குடுத்துரு.”

கிட். கிட்.

கத்தி. அடுப்புத் திட்டில் கத்தி கிடந்தது. எடுத்தாள். டிரம்மில் ஏறினாள். கயிற்றில் வைத்து அறுத்தாள். ஒரு புரி. இன்னொரு புரி. வெளியே முனீஸின் சைக்கிள் மணி கேட்டது. கதவு தட்டப்பட்டது. அறுத்தாள்.

கயிறு அறுந்தது. நுனி துள்ளி ஓட்டைக்குள் ஓடி மறைந்தது. அந்தப் பக்கம் தரையில் அது விழுகிற சத்தம் கேட்டது.

அவள் தூளியைப் பார்த்தாள்.

கயிறு அறுந்த தூளி, வாயை மூடிக்கொண்டு, சுவரில் சாய்ந்தபடியே நின்றது.